ஒட்டுப்பால்

மூன்றரைக்கு எழும்புவேன்.
களியலில் அந்நேரம் கோழிக்கும் உறக்கம்.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி, முதுகில் கூடை,
வயிற்றில் ஒரு டம்ளர் கட்டஞ்சாயா,
சீனி மூன்று கரண்டி.
முதல் மரத்துக்கும் முன்னூறாவது மரத்துக்கும் நடுவே
கன்னத்தில் அடக்கிவைக்க ஒரு புளிப்பு மிட்டாய்.
சருகுக்குள் ஏதாவது அனங்கினால் இன்னொன்று.

சிரட்டை ஒவ்வொன்றிலும்
முந்தின வெட்டின் பால் உறைந்து ஒட்டியிருக்கும்.
அதைப் பிய்த்துக் கூடையில் போட்டால்தான்
இன்றைய பால் சுத்தமாய் விழும்.
பதினொரு வருடத்தில்
ஒரு சிரட்டையையும் பிய்க்காமல் விட்டதில்லை.
சூப்பர்வைசர் சோபனராஜ் ஆட்களிடம் சொல்வார்:
"கிறிஸ்டல்பாய் பிளாக்கைப் போய்ப் பாருங்கள்."
என் வாய்க்குள் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
கீழ்க்கடைவாயில் தொடங்கியது.
பக்கத்து பிளாக் லீதியாள் புகையிலை வைத்தாள்;
தலை சுற்றியது,
வலி இருந்த இடத்தில் இருந்தது.
குலசேகரத்தில் பிடுங்கினார்கள்.
தட்டில் 'டிங்' என்று விழுந்தது,
நடுவில் தவிட்டு நிறத்தில் ஒரு பொந்து.
இரண்டு நாள் கூலி போச்சு.
"உறங்குமுன் பல் தேய்ப்பீர்களா?" என்று கேட்டாள் டாக்டர்.
சிரிப்பு வந்தது, மரத்த வாயால் சிரிக்க முடியவில்லை.
"சீனி வாய்க்குள்ளே ஆசிட் ஆகும்."
ஆசிட்டா? பால் உறைய
நான் தினமும் தட்டில் ஊற்றுகிறதல்லவா அது.

அன்று ராத்திரி
வில்பிரட் முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்து
நெற்றி விளக்கைத் திருப்பி உதட்டை விலக்கினேன்.
ஈறோரம் வெளிறிய மஞ்சளில் ஒரு கோடு.
நகத்தால் சுரண்டினேன்.
ஒட்டுப்பால்.
இன்றையது விரலோடு வந்தது,
என்றைக்கோ விட்டது கல்லாகிக் கிடந்தது.
முன்னூறு சிரட்டை துடைத்தவள்,
முப்பத்தொன்றை விட்டுவிட்டேன்.

மரத்துக்கு ஒருநாள் வெட்டு, ஒருநாள் ஓய்வு.
பல்லுக்கு அப்படிக் கிடையாது.

வெட்டுப் பழகும்போது கற்றதுதான்:
தோலைச் சீவணும், தடியில் படக்கூடாது.
பட்டால் அந்த இடம் முண்டுமுண்டாய் வீங்கி
பிறகு கத்தி ஓடாது.
தரை உரசுவதுபோல் உரசி
ஈறில் ரத்தம் கண்ட பிறகே அது நினைவுக்கு வந்தது.
இப்போது பிரஷை இரண்டு விரலால் பிடிக்கிறேன்.

எட்டரைக்குக் கண் சொக்கும்.
பாயில் சாய்ந்தபின் எழும்புவது
கோதையாற்றில் எதிர்நீச்சல்.
முதல் வாரம் நாலு ராத்திரி தோற்றேன்.
இப்போது சோற்றுச் சட்டி கழுவின கையோடு
அடுப்படியிலேயே தேய்த்துவிடுகிறேன்.
மடியில் மிட்டாய்க்குப் பதில் நிலக்கடலை.
சாயாவில் சீனி ஒரு கரண்டிக்கு இறங்கியிருக்கிறது;
அதற்குக் கீழே இறங்க மனசில்லை.

"ராத்திரியில் எந்தக் கல்யாணத்துக்குப் போறே?"
வில்பிரட்டுக்கு அது தமாஷ்.
சண்டைக்கு நிற்கவில்லை.
பச்சையில் ஒரு பிரஷ் வாங்கி
கண்ணாடிக்குப் பின்னால் சொருகியிருக்கிறேன்.
கவர் இன்னும் பிரியவில்லை.

இன்று அஜிஸை "ஆ காட்டு" என்றேன்.
ஒன்றாம் வகுப்பு. முன்னால் இரண்டு ஓட்டை.
விளக்கை உள்ளே அடித்தால்
பாற்பல்லெல்லாம் தாண்டி
ஈறைக் கீறிக்கொண்டு புதிதாய் ஒன்று,
வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வந்து நிற்கிறது.
விழுந்து முளைக்கிற பல் இல்லை அது.
எனக்குப் போனதும் அதே இடம்தான்.
கத்தி படாத இளமரத்தைப் பார்ப்பதுபோல்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அம்மா, வாய் வலிக்குது."

தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
விடியுமட்டும் பெய்தால் நாளை வெட்டில்லை,
கூலியும் இல்லை.
"அப்போ நாளைக்குப் பல்லும் தேய்க்க வேண்டாமா?"

பேஸ்ட்டின் கழுத்தைப் பிதுக்குகிறேன்,
பட்டாணி அளவு.